எல்லை கடக்கும் வைரஸ், எல்லையில் நிற்கும் கணக்கு: பாறசாலை ஜிகா பாதிப்பு உணர்த்தும் அளவீட்டுப் பாடம்

திருவனந்தபுரம்: கேரளத்தில் ஜிகா வைரஸ் தொற்று முதன்முறையாக 2021-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி உறுதி செய்யப்பட்டது. தொற்று கண்டறியப்பட்டவர் திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டியுள்ள பாறசாலைப் பகுதியைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணி. அவர் மாநிலத்துக்கு வெளியே பயணம் மேற்கொள்ளவில்லை என்றும், அவரது வீடு தமிழக எல்லைக்கு அருகில் உள்ளது என்றும் மாநில சுகாதாரத் துறை அப்போது தெரிவித்தது. குழந்தை நலமாகப் பிறந்தது.

அதே காலகட்டத்தில் திருவனந்தபுரத்திலிருந்து புணேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்துக்கு அனுப்பப்பட்ட 19 பரிசோதனை மாதிரிகளில் 13-இல் தொற்று இருப்பதாகத் தெரியவந்தது. நிலைமையை ஆராய 6 பேர் கொண்ட குழுவை மத்திய அரசு கேரளத்துக்கு அனுப்பியது. தமிழக அரசு எல்லையோரப் பகுதிகளில் கண்காணிப்பைத் தீவிரப்படுத்தியது. ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் கேரளத்தில் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை 60-ஐத் தாண்டியது.

இந்த எண்கள் அன்றாடம் செய்திகளில் வெளியாயின. ஆனால், ஒரு நோயின் எண்ணிக்கை எவ்வாறு உருவாகிறது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பவை பெரும்பாலும் விளக்கப்படுவதில்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரை போன்ற எல்லையோர ஊர்களில் வாழும் கர்ப்பிணிகளுக்கு இது வெறும் புள்ளிவிவரப் பிரச்னை அல்ல. "எங்கள் ஊரில் ஜிகா இல்லை" என்பதற்கும், "எங்கள் ஊரில் ஜிகாவை யாரும் தேடவில்லை" என்பதற்கும் இடையிலான வேறுபாடு அவர்களது குழந்தையின் நலத்தோடு தொடர்புடையது.

தேடிய இடத்தில் கிடைத்த எண்

முதலில் அனுப்பப்பட்ட 19 மாதிரிகளில் 13-இல் தொற்று என்பது ஏறத்தாழ 68 சதவீதம். இதை வைத்து அப்பகுதி மக்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஜிகா இருந்தது என்று எவரும் முடிவு செய்ய இயலாது. அந்த 19 பேர் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். அவர்களில் பலர் மருத்துவமனைப் பணியாளர்கள். காய்ச்சல், உடலில் தடிப்பு போன்ற அறிகுறிகள் தென்பட்டதால் பரிசோதிக்கப்பட்டவர்கள். மருத்துவர்களும் செவிலியர்களும் தங்களுக்கு வந்த அறிகுறிகளைக் கவனித்து, பரிசோதனைக்கு உட்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே, நோய் மருத்துவமனை ஊழியர்களைத்தான் அதிகம் தாக்கியது என்பதைவிட, அவர்களிடம்தான் முதலில் தேடப்பட்டது என்று கொள்வதே பொருத்தம்.

இரத்தம், சிறுநீர் ஆகியவற்றிலிருந்து பரிசோதனைக்கு எடுக்கப்படுவதையும் தமிழில் மாதிரி என்கிறோம். நோய்ப் பரவலைக் கணிக்கும் சமன்பாட்டையும் கணித மாதிரி என்கிறோம். இரண்டுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. இரண்டுமே முழுமையின் சார்பில் நிற்கும் சிறு பகுதிகள். அந்தச் சிறு பகுதி எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது தெரியாவிட்டால், முழுமையைப் பற்றி அது சொல்வதை நம்ப இயலாது.

யாப் தீவின் அனுபவம்

ஜிகா வைரஸ் 1947-ஆம் ஆண்டு உகாண்டாவின் ஜிகா காட்டில் ஆய்வுக்காக வைக்கப்பட்டிருந்த குரங்கு ஒன்றிடம் முதலில் கண்டறியப்பட்டது. அறுபது ஆண்டுகள் வரை இது பெரிய நோயாகக் கருதப்படவில்லை. 2007-ஆம் ஆண்டு பசிபிக் பெருங்கடலில் உள்ள மைக்ரோனேசியாவின் யாப் தீவில் முதல் பெரும் பரவல் பதிவானது.

அங்கு ஆய்வகத்தில் உறுதி செய்யப்பட்ட நோயாளிகள் 49 பேர் மட்டுமே. பின்னர் ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்று இரத்தம் சேகரித்து, அதில் நோய் எதிர்ப்பொருள் உள்ளதா என்று ஆராய்ந்தனர். தீவில் 3 வயதும் அதற்கு மேலும் உடையவர்களில் 73 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 5,000 பேர் தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்று தெரியவந்தது. மருத்துவமனைக் கணக்குக்கும் உண்மை நிலைக்கும் இடையே 100 மடங்கு வேறுபாடு இருந்தது.

தொற்றுக்கு ஆளானவர்களில் சுமார் 18 சதவீதம் பேருக்கு மட்டுமே அறிகுறிகள் தோன்றின. ஜிகா தொற்றும் ஐவரில் நால்வருக்கு அறிகுறி தெரியாது என்று இன்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு இந்த ஆய்வே முக்கிய அடிப்படை. அறிகுறி உள்ளவர்களுக்கும் லேசான காய்ச்சல், தடிப்பு, கண் சிவத்தல், மூட்டுவலி ஆகியவையே ஏற்படும். இவற்றை டெங்கு என்றோ சாதாரண வைரஸ் காய்ச்சல் என்றோ கருதிவிடுவது எளிது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின் நெருக்கடியும் அதனுடன் சேர்ந்திருந்தது.

யாப் தீவின் 100 மடங்கு என்ற கணக்கைக் கேரளத்துக்கு அப்படியே பொருத்துவது தவறாகும். கேரளத்தில் தொற்று தெரிந்தவுடன் தீவிரமாகத் தேடினார்கள். யாப் தீவின் மக்கள்தொகையும் சூழலும் வேறு. எனினும் ஓர் உண்மை இரண்டுக்கும் பொருந்தும். காய்ச்சல் உள்ளவர்களை மட்டும் சோதித்தால், ஐந்தில் நான்கு பங்கு பார்வைக்கே வராது. எல்லைச் சாவடியில் உடல் வெப்பத்தை அளந்து ஜிகாவைத் தடுத்துவிட முடியாது என்பதற்கும் இதுவே காரணம்.

பிசிஆர் பரிசோதனை எதை அளக்கிறது?

ஜிகாவை உறுதி செய்ய ஆர்டி-பிசிஆர் பரிசோதனை பயன்படுகிறது. வைரஸின் ஆர்என்ஏ மரபுப்பொருள் முதலில் டிஎன்ஏ வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. அதன் குறிப்பிட்ட பகுதி ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கப்படுகிறது. 10 சுற்றுகளில் ஒன்று 1,024 ஆகும். 30 சுற்றுகளில் 107 கோடியைத் தாண்டும். எத்தனையாவது சுற்றில் கருவி அதைக் கண்டறிகிறது என்பதே சிடி அளவு எனப்படுகிறது. ஒருவரது மாதிரி 25-ஆவது சுற்றிலும், மற்றொருவரது மாதிரி 35-ஆவது சுற்றிலும் கண்டறியப்பட்டால், முதலாமவரின் மாதிரியில் வைரஸ் மரபுப்பொருள் ஏறத்தாழ 1,000 மடங்கு அதிகம் என்று பொருள்.

இப்பரிசோதனை துல்லியமானது. ஆனால், அது அளப்பது மாதிரி எடுக்கப்பட்ட நேரத்தில் அதில் வைரஸ் இருந்ததா என்பதை மட்டுமே. ஜிகா வைரஸ் பெரும்பாலும் அறிகுறி தோன்றிய ஒரு வாரத்துக்குள் இரத்தத்திலிருந்து மறைந்துவிடும். சிறுநீரில் அதைவிடச் சில நாள்கள் கூடுதலாகத் தென்படும். பத்து நாள் கழித்து மருத்துவமனைக்கு வந்தவரின் இரத்தத்தில் தொற்று இல்லை என்று முடிவு வந்தால், அவருக்குத் தொற்று ஏற்படவே இல்லை என்று அதற்குப் பொருள் அல்ல. எனவேதான் இரத்தத்துடன் சிறுநீரையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர்.

தொடக்கத்தில் மாதிரிகள் புணேக்கு அனுப்பப்பட வேண்டியிருந்தது. பின்னர் தேசிய வைராலஜி நிறுவனம் 2,100 பரிசோதனைகளுக்கான உபகரணங்களைக் கேரளத்துக்கு வழங்கியது. திருவனந்தபுரம், திருச்சூர், கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் ஆலப்புழையில் உள்ள வைராலஜி நிறுவனக் கிளையிலும் பரிசோதனை தொடங்கியது. டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் கண்டறியும் முறையும் பயன்பாட்டுக்கு வந்தது. பரிசோதனை வசதி பெருகும்போது எண்ணிக்கையும் பெருகும். அந்த உயர்வில் நோய்ப் பரவலின் பங்கு எவ்வளவு, தேடலின் பங்கு எவ்வளவு என்பதை அறிய, ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் சோதிக்கப்பட்டனர் என்ற விவரமும் உடன் தேவை.

எதிர்ப்பொருள் பரிசோதனையில் ஓர் எளிய கணக்கு

வைரஸ் மறைந்த பின்னர் உடலில் எஞ்சும் எதிர்ப்பொருளை அளந்து, பழைய தொற்றை அறியலாம். ஆனால், ஜிகாவும் டெங்குவும் ஒரே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. டெங்குவுக்காக உருவான எதிர்ப்பொருள் ஜிகா பரிசோதனையிலும் தொற்று இருப்பதுபோல் காட்டிவிடக்கூடும். டெங்கு ஆண்டுதோறும் பரவும் திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களில் இது பெரிய சிக்கல்.

விளக்கத்துக்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். 1,000 கர்ப்பிணிகளில் உண்மையில் தொற்று ஏற்பட்டவர்கள் 10 பேர் என்று கொள்வோம். பரிசோதனை, தொற்று உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கும். தொற்று இல்லாதவர்களில் 95 சதவீதம் பேருக்கு இல்லை என்று சரியாகச் சொல்லும். கேட்பதற்கு நல்ல பரிசோதனையாகவே தோன்றும். ஆனால், தொற்று உள்ள 10 பேரில் 9 பேர் கண்டறியப்படும்போது, தொற்று இல்லாத 990 பேரில் 5 சதவீதமான சுமார் 50 பேருக்கும் தொற்று உள்ளதாகத் தவறான முடிவு வரும். மொத்தம் 59 பேரில் உண்மையான தொற்றாளர் 9 பேர் மட்டுமே. அதாவது ஏழு பேரில் ஒருவருக்கும் சற்றுக் கூடுதல்.

ஒரு கர்ப்பிணியின் கையில் கிடைக்கும் அந்த முடிவுத்தாள் அவருக்கும் குடும்பத்தினருக்கும் எத்தகைய அச்சத்தைத் தரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நோய் அரிதாக உள்ள இடத்தில் நல்ல பரிசோதனையும் தவறான எச்சரிக்கைகளையே அதிகம் தரும். எனவே, எதிர்ப்பொருள் பரிசோதனையின் முதல் முடிவை இறுதியானதாகக் கொள்ளாமல், மேலும் நுட்பமான பரிசோதனையால் சரிபார்ப்பது நடைமுறை.

கொசுவை எண்ணும் முறைகள்

ஜிகாவைப் பரப்புவது ஏடிஸ் வகைக் கொசுக்கள். வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல நீரில் இவை முட்டையிடும், பகலில் கடிக்கும். நோய் அபாயத்தை மதிப்பிட, சுகாதாரப் பணியாளர்கள் கொசுப்புழுக்களைக் கணக்கெடுக்கின்றனர். இதற்கு மூன்று அளவீடுகள் வழக்கத்தில் உள்ளன.

சோதித்த 100 வீடுகளில் எத்தனை வீடுகளில் கொசுப்புழு இருந்தது என்பது வீட்டுக் குறியீடு. நீர் தேங்கிய 100 கலன்களில் எத்தனையில் புழு இருந்தது என்பது கலன் குறியீடு. 100 வீடுகளுக்குப் புழு உள்ள கலன்கள் எத்தனை என்பது பிரெட்டோ குறியீடு. எடுத்துக்காட்டாக, 100 வீடுகளைச் சோதித்து, 12 வீடுகளில் புழு காணப்பட்டு, மொத்தம் 240 கலன்களில் 18-இல் புழு இருந்தால், வீட்டுக் குறியீடு 12. கலன் குறியீடு 7.5, பிரெட்டோ குறியீடு 18. ஒரே ஊர், ஒரே நாள், மூன்று வெவ்வேறு எண்கள்.

இவற்றில் இரண்டு குறைபாடுகள் உள்ளன. முதலாவது, எண்ணிக்கை சிறிதாக இருந்தால் நம்பகத்தன்மை குறையும். 30 வீடுகளைச் சோதித்து ஒன்றில்கூடப் புழு இல்லை என்று வந்தாலும், ஊரில் 10 சதவீத வீடுகள் வரை புழு இருக்கும் வாய்ப்பைப் புள்ளியியல் முறைப்படி விலக்க இயலாது. 300 வீடுகளில் ஒன்றும் இல்லை என்றால்தான் அந்த உச்சவரம்பு 1 சதவீதத்துக்கு இறங்கும். பூஜ்யம் என்ற எண்ணின் மதிப்பு, எத்தனை வீடுகளைப் பார்த்தபின் அது கிடைத்தது என்பதைப் பொறுத்தது.

இரண்டாவது, இக்குறியீடுகள் ஒரு சிரட்டையையும் ஒரு சிமென்ட் தொட்டியையும் சமமாக எண்ணுகின்றன. சிரட்டையில் சில புழுக்களே வளரக்கூடும். மூடப்படாத தொட்டியில் நூற்றுக்கணக்கில் வளரக்கூடும். கொசுப்புழுக் குறியீடுகளுக்கும் டெங்கு பரவலுக்கும் இடையிலான தொடர்பை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஆய்வறிக்கை, இக்குறியீடுகளை மட்டும் நம்பி நோய்ப்பரவலை முன்கணிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறியது. இதனால் கொசுவாக மாறும் நிலையை எட்டிய கூட்டுப்புழுக்களை எண்ணும் முறையும் பரிந்துரைக்கப்படுகிறது.

ரப்பர் தோட்டமும் ஓர் அளவுகோலே

பாறசாலை முதல் விளவங்கோடு வரையிலான எல்லைப்பகுதியின் நிலவமைப்பு, நகரங்களுக்காக உருவாக்கப்பட்ட இக்கணக்கெடுப்பு முறைக்கு மேலும் ஒரு சவால். இங்கு வீடுகள் தென்னை, வாழை, கமுகு, ரப்பர் மரங்களுக்கு நடுவே அமைந்துள்ளன. ரப்பர் மரங்களில் பால் சேகரிக்கக் கட்டப்படும் சிரட்டைகளும் கிண்ணங்களும் பால்வெட்டு நடைபெறாத மழைக்காலத்தில் கவிழ்த்து வைக்கப்படாவிட்டால் நீர் நிறைந்து நிற்கும். விழுந்து கிடக்கும் கமுகம் பாளை, அன்னாசி இலைகளின் அடிப்பகுதி, வாழை இலைக்காம்பின் இடுக்கு ஆகியவற்றிலும் நீர் தேங்கும்.

ஏடிஸ் எஜிப்தி என்ற இனம் வீட்டுக்குள்ளும் அருகிலும் வாழ்வதை விரும்பும். ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற இனமோ மரம் செடிகள் நிறைந்த தோட்டங்களில் பெருகும். இரண்டும் ஜிகாவைப் பரப்ப வல்லவை. வீட்டையும் முற்றத்தையும் மட்டும் சோதிக்கும் கணக்கெடுப்பில் தோட்டத்துக் கொசு இடம்பெறாது. ஒரு ஹெக்டேர் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான மரங்கள் இருக்கும்போது, அதை ஒரு வீட்டுக்குரிய இடமாக எண்ணுவதா, தனியாக எண்ணுவதா என்பதைப் பொறுத்தே அந்த ஊரின் குறியீடு மாறிவிடும்.

ரோஸின் சமன்பாடு

கொசு எண்ணிக்கையையும் நோய்ப் பரவலையும் இணைத்துப் பார்க்க உதவுவது கணித மாதிரி. இதன் தொடக்கத்துக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு. அல்மோராவில் பிறந்த ரொனால்ட் ரோஸ், 1897 ஆகஸ்ட் 20-ஆம் தேதி செகந்திராபாதில் மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றில் கண்டறிந்தார். மலேரியாவை ஒழிக்கக் கொசுக்களை முற்றாக அழிக்கத் தேவையில்லை, ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைத்தாலே போதும் என்பதை அவர் பின்னர் கணிதத்தின் மூலம் விளக்கினார். 1950-களில் ஜார்ஜ் மெக்டொனால்ட் அதை விரிவுபடுத்தினார். டெங்கு, ஜிகா பற்றிய இன்றைய கணித மாதிரிகள் பலவற்றுக்கும் இதுவே வேர்.

இதன் சாரம் எளிது. நோயுற்ற ஒருவரிடமிருந்து கொசு வழியாகச் சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்று பரவும் என்பது கணக்கிடப்படுகிறது. அந்த எண் ஒன்றுக்குக் கீழே இறங்கினால் பரவல் தானாகவே அடங்கும். அந்த எண்ணைத் தீர்மானிப்பவை கொசுவின் எண்ணிக்கை, அது கடிக்கும் வீதம், அதன் ஆயுள் ஆகியவை. ஆனால், இம்மூன்றின் செல்வாக்கும் ஒரே அளவினது அல்ல.

கொசுக்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தால், பரவலும் பாதியாகும். கடிக்கும் வீதத்தைப் பாதியாகக் குறைத்தால், பரவல் கால் பங்காகும். தொற்று பரவக் கொசு நோயாளி ஒருவரையும் பின்னர் நலமாக உள்ள ஒருவரையும் என இருமுறை கடிக்க வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். கொசுவின் ஆயுளின் செல்வாக்கு இவற்றைவிடப் பெரியது. கொசுவின் உடலில் வைரஸ் பெருகி உமிழ்நீரை அடைய ஏறத்தாழ 10 நாள்கள் ஆகும் என்று கொள்வோம். ஒரு நாளில் கொசு உயிர் பிழைக்கும் வாய்ப்பு 90 சதவீதமாக இருந்தால், 10 நாள்களைக் கடக்கும் கொசுக்கள் 100-க்கு 35. அந்த வாய்ப்பு 80 சதவீதமாகக் குறைந்தால், 10 நாள்களைக் கடப்பவை 100-க்கு 11 மட்டுமே. அதன் பின்னரும் அவை வாழும் நாள்கள் குறைவு என்பதையும் சேர்த்தால், பரவல் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகக் குறையும். முதிர்ந்த கொசுவை அழிக்கும் நடவடிக்கைக்குத் தொற்றுக் காலத்தில் முக்கியத்துவம் தரப்படுவது இதனால்தான்.

வெப்பநிலையும் கணக்கில் சேரும். 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, ஏடிஸ் எஜிப்தி மூலமான பரவலுக்கு மிகவும் உகந்த வெப்பநிலை சுமார் 29 டிகிரி செல்சியஸ். ஏடிஸ் அல்போபிக்டஸ் மூலமான பரவலுக்குச் சுமார் 26 டிகிரி. தென் கேரளமும் கன்னியாகுமரி மாவட்டமும் ஆண்டின் பெரும்பகுதியும் இந்த எல்லைக்குள்ளோ அதன் அருகிலோதான் உள்ளன.

கணித மாதிரி எதிர்காலத்தைச் சொல்லும் கருவி அன்று. எந்த நடவடிக்கை அதிகப் பயன் தரும் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க உதவுவதே அதன் முதன்மைப் பயன். உள்ளே செலுத்தப்படும் எண்கள் தவறானால், வெளிவரும் விடையும் தவறாகவே இருக்கும். காய்ச்சல் நோயாளிகளை மட்டும் எண்ணி, அவர்களே மொத்தத் தொற்றாளர்கள் என்று கொண்டால், பரவல் குறித்த மதிப்பீடு அடிப்படையிலேயே பிழையாகிவிடும்.

ஒரு சென்டிமீட்டரின் விலை

ஜிகா உலகை அச்சுறுத்தியதற்குக் காரணம், கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கக்கூடும் என்பதுதான். 2015-இல் பிரேசிலில் சிறிய தலையுடன் பிறக்கும் குழந்தைகள் அதிகரித்ததை அடுத்து, 2016 பிப்ரவரி 1-ஆம் தேதி உலக சுகாதார அமைப்பு சர்வதேச சுகாதார அவசரநிலையை அறிவித்தது. இங்கு பயன்பட்ட அளவுகோல் உயர் தொழில்நுட்பக் கருவி எதுவுமல்ல; பிறந்த குழந்தையின் தலையைச் சுற்றி வைக்கப்படும் அளவுநாடா.

பிரேசில் தொடக்கத்தில் 33 சென்டிமீட்டர் என்ற வரம்பை வைத்திருந்தது. 2015 டிசம்பரில் அது 32 சென்டிமீட்டராகக் குறைக்கப்பட்டது. பின்னர் உலக சுகாதார அமைப்பின் அளவுகோலின்படி, நிறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தைக்கு 31.9, பெண் குழந்தைக்கு 31.5 சென்டிமீட்டர் என்று வகுக்கப்பட்டது. வரம்பை ஒரு சென்டிமீட்டர் மாற்றினாலே சந்தேகப் பட்டியலில் உள்ள குழந்தைகளின் எண்ணிக்கை பெரிதும் மாறிவிடும். சராசரியிலிருந்து இரு திட்டவிலக்கத்துக்குக் கீழே என்று வரம்பு வைத்தாலும், நலமான குழந்தைகளிலேயே 100-க்கு இருவர் அதற்குக் கீழே இருப்பர். அளவுநாடா ஒரு சென்டிமீட்டர் தளர்ந்தோ இறுகியோ இருந்தால் முடிவு மாறக்கூடும். எனவே பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குப் பின் மீண்டும் ஒருமுறை அளப்பது முக்கியம்.

கருவுற்ற பெண்ணுக்குத் தொற்று ஏற்பட்டால் குழந்தைக்குப் பாதிப்பு வரும் வாய்ப்பு எவ்வளவு என்ற கேள்விக்கும் ஒரே விடை இல்லை. பிரெஞ்சு பாலினேசியாவில் 2013-14-இல் ஏற்பட்ட பரவலைக் கணித மாதிரி கொண்டு ஆராய்ந்தவர்கள், கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் தொற்று ஏற்பட்டால் 10,000-க்கு 95 குழந்தைகளுக்குச் சிறுதலைக் குறைபாடு வரலாம் என்று மதிப்பிட்டனர். அதாவது ஏறத்தாழ 1 சதவீதம். தொற்றுக்கு ஆளான தாய்மார்களின் குழந்தைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு ஜிகா தொடர்பான ஏதேனும் ஒரு பாதிப்பு ஏற்படலாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. இரண்டும் முரண்பட்டவை அல்ல. முதலாவது தலையின் அளவை மட்டும் கணக்கில் கொள்கிறது. இரண்டாவது பார்வை, செவித்திறன், வளர்ச்சிக் குறைபாடுகளையும் சேர்த்துக் கொள்கிறது. எதை அளந்தார்கள், எதனால் வகுத்தார்கள் என்பதைப் பொறுத்தே எண் மாறுகிறது.

எல்லையில் நிற்கும் கணக்கு

ஏடிஸ் கொசு பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. எனவே வைரஸை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்வது பெரும்பாலும் மனிதர்களே. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவே உள்ளது. வேலை, படிப்பு, மருத்துவம், சந்தை, திருமண உறவு என்று நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் இருபுறமும் சென்று வருகின்றனர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நீடித்தது. நிர்வாகம் பிரிந்தது, மக்களின் போக்குவரத்து பிரியவில்லை.

நோய்க் கண்காணிப்போ மாவட்டத்தை அலகாகக் கொண்டு மாநிலம் வழியாக மேலே செல்கிறது. எல்லையின் இருபுறமும் அடுத்தடுத்துள்ள ஊர்களில் ஒரே வாரத்தில் ஆறு பேருக்குத் தடிப்புடன் கூடிய காய்ச்சல் வந்ததாகக் கொள்வோம். ஐந்து பேர் என்றால் எச்சரிக்கை விடுக்க வேண்டும் என்பது விதி என்றும் கொள்வோம். மூவர் திருவனந்தபுரம் மாவட்டக் கணக்கிலும் மூவர் கன்னியாகுமரி மாவட்டக் கணக்கிலும் பதிவானால், இரு மாவட்டங்களிலும் எச்சரிக்கை ஒலிக்காது. நோயாளிகள் ஆறு பேரும் உண்மை. இரு அலுவலகங்களின் கணக்கும் உண்மை. ஆயினும் பரவல் கண்ணில் படாது.

ஊர் அளவில் தகவல்களை உடனுக்குடன் பதிவு செய்து வரைபடத்தில் காட்டும் ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தை மத்திய அரசு 2021 ஏப்ரலில் தொடங்கியது. இத்தகைய தரவை மாவட்ட எல்லையால் பிரிக்காமல், நோயாளியின் இருப்பிடத்தை மையமாகக் கொண்டு பார்க்கும்போதுதான் மேற்கண்ட இடைவெளி அடைபடும். எல்லைக்கு அப்பால் சிகிச்சை பெற்றவரின் தகவல் அவரது சொந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சென்று சேர வேண்டும். கொசுப்புழுக் கணக்கெடுப்பும் இருபுறமும் ஒரே வாரத்தில், ஒரே முறையில் நடைபெற்றால்தான் எண்களை ஒப்பிட இயலும்.

பொதுமக்கள் செய்யக்கூடியவை

காய்ச்சலோ தடிப்போ தோன்றும் கர்ப்பிணிகள், அறிகுறி லேசாக இருப்பினும், முதல் சில நாள்களுக்குள் மருத்துவரை அணுகுவது அவசியம். அறிகுறி தொடங்கிய தேதியைச் சரியாகக் குறிப்பிடுவது பரிசோதனை முடிவைப் புரிந்துகொள்ள மிகவும் உதவும். வீட்டில் வேறு யாருக்கேனும் அண்மையில் இதே அறிகுறி இருந்ததா, எல்லைக்கு அப்பால் எங்கு சென்று வந்தார்கள் என்பதையும் தெரிவிக்க வேண்டும். ஜிகா பாலுறவு மூலமும் பரவக்கூடியது என்பதால், கணவருக்கு ஏற்பட்ட அறிகுறியையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும்.

கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் ஆகும். வாரம் ஒருமுறை நீர்க் கலன்களைக் காலி செய்து உலரவிடும் நாளைக் கடைப்பிடிக்கச் சொல்வதற்கு இதுவே அடிப்படை. ஏடிஸ் முட்டைகள் நீரின்றியும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும் என்பதால், கலனின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவதும் அவசியம். ரப்பர் தோட்ட உரிமையாளர்கள் பால்வெட்டு இல்லாத நாள்களில் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இக்கொசு பகலில் கடிப்பதால், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பகலில் உறங்கும்போதும் கொசுவலை பயன்படுத்துவது நல்லது. கடிக்கும் வீதம் பாதியானால் பரவல் கால் பங்காகும் என்ற கணக்கு இங்குதான் வீட்டுக்குப் பயன்படுகிறது.

ஜிகாவுக்குத் தனிப்பட்ட மருந்தோ பயன்பாட்டில் உள்ள தடுப்பூசியோ இல்லை. 2017-இல் தமிழகத்தின் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும், 2018-இல் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்திலும், 2021-இல் கேரளத்தைத் தொடர்ந்து மகாராஷ்டிரத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் இத்தொற்று கண்டறியப்பட்டது. அடுத்த முறை பாறசாலையிலோ களியக்காவிளையிலோ பாதிப்பு எண்ணிக்கை பூஜ்யம் என்று அறிவிக்கப்பட்டால், எத்தனை பேரைச் சோதித்தபின் அந்த பூஜ்யம் கிடைத்தது என்ற விவரமும் அதனுடன் வெளியிடப்பட வேண்டும். அது தெரிந்தால்தான் எல்லையோரத்தில் வாழும் ஒரு கர்ப்பிணி அந்த எண்ணை நம்பலாமா என்பதை முடிவு செய்ய இயலும்.